அது வணக்கம் சொல்லத்தான் ஓடி வருகிறது

இந்த ஊரில் குழந்தைகளைக் கயிற்றில் பிடித்துக் கூட்டிப் போகிறோம். நாய்கள் அவிழ்த்துவிடப்பட்டிருக்கின்றன. எழுத்துப் பிழை என்று நினைத்துவிட வேண்டாம். ஒஸ்லோவின் கிழக்குப் பக்கத்தில் ஒரு பார்னெஹாகெயில், அதாவது சின்னப் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் இடத்தில், நான் தற்காலிக உதவியாளராக வேலை செய்த முதல் வருடம் அது. காலை பத்து மணிக்குப் பத்துப் பிள்ளைகளுக்கும் மஞ்சள் மேலங்கி மாட்டிவிட்டு நீளமான கயிறு ஒன்றை எடுப்போம். கயிறு நெடுக வளையங்கள், பிள்ளைக்கு ஒரு வளையம். பூங்காவின் புல்வெளிக்குப் போய்ச் சேரும்வரை வளையத்திலிருந்து கையை எடுக்கக் கூடாதென்று மூன்று வயதுப் பிள்ளைக்கும் தெரியும். பூங்கா வாசலில் ஒரு பலகை நட்டிருக்கிறார்கள். அதில் ஒரு நாய், நாயின் கழுத்திலிருந்து ஒரு கோடு, கோட்டின் மறுமுனையில் ஒரு மனிதக் கை. கீழே 'பொன்த்வாங்' என்று கொட்டை எழுத்து. நாயை வாரில் பிடிப்பது கட்டாயம் என்று பொருள். அந்தப் பலகையிலேயே முதுகைச் சாய்த்துக்கொண்டு ஒருவர் நின்று கைத்தொலைபேசி பார்த்துக்கொண்டிருப்பார். அவருடைய நாய் குளத்தின் அந்தக் கரையில் வாத்துத் துரத்திக்கொண்டிருக்கும். வார் எங்கே என்று பார்த்தால், அவருடைய கழுத்தில் மாலைபோலத் தொங்கும்.

நோர்வேக்காரர்கள் சட்டத்தை மதிப்பவர்கள் என்று ஊரில் சொல்லி அனுப்பினார்கள். பொய்யில்லை. வெற்றுப் போத்தல் ஒன்றை எறிய மனம் வராமல் பை நிறையச் சேர்த்து இயந்திரத்திடம் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். மருந்துக் கடையில் ஆளே இல்லாவிட்டாலும் இலக்கச் சீட்டு எடுத்துக்கொண்டு நிற்பார்கள். ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டில் யாராவது சுவரில் துளை போட்டால் கடிதம் எழுதுவார்கள். இவ்வளவு ஒழுக்கமும் நாயின் கழுத்தடிக்கு வந்ததும் கழன்றுவிடுகிறது. மொழி வகுப்பில் அந்தச் சட்டத்தை எங்களுக்கு வாசிக்கத் தந்தார்கள். வசந்தம் தொடங்கிக் கோடை முடியுமட்டும் நாய் வாரில் இருக்க வேண்டும். தரையில் முட்டையிடும் பறவைகளுக்கும் ஆட்டுக்குட்டிகளுக்கும் ஊறு நேரக் கூடாதாம். பிள்ளைகளைப் பற்றி ஏதாவது இருக்கிறதா என்று நான் மூன்று தரம் வாசித்தேன். பறவைக்கு முன்னால் பிள்ளை எதற்கு என்று விட்டிருப்பார்கள். பறவைக்காகவாவது கட்டுவார்களா என்றால் அதுவுமில்லை.

அவர்களில் ஒருவர் ஆர்னே. ஓய்வுபெற்ற பள்ளிக்கூட ஆசிரியர், அறுபத்தைந்து வயதிருக்கும். குடியியல் படிப்பித்தவர் என்று அவரே சொன்னார். அவருடைய நாயின் பெயர் பிரின்ஸ். கன்றுக்குட்டி உயரம், தேன் நிறம். நாங்கள் பிள்ளைகளோடு புல்வெளியில் ஏறும் நேரமாகப் பார்த்துத்தான் அந்த இளவரசர் உலா வருவார். நாய் எங்களை நோக்கிப் பாய்ந்து வரும்போது ஆர்னே தூரத்தில் நின்றபடி சிரித்துக்கொண்டு சொல்லும் வாக்கியம், நான் நோர்வேஜிய மொழியில் பிழையில்லாமல் பாடமாக்கிய முதல் வாக்கியங்களில் ஒன்று: "ஹான் வில் பாரெ ஹில்செ." அது வணக்கம் சொல்லத்தான் ஓடி வருகிறது, வேறொன்றுமில்லை. இன்னொன்றும் சொல்வார், "ஹான் ஆர் ஸ்னில்." அது நல்ல மாதிரி. இந்த நாட்டு நாய்க்காரர் எல்லாரும் இதே இரண்டு வாக்கியங்களைத்தான் சொல்கிறார்கள். நாயை வாங்கும்போதே சேர்த்து எழுதிக் கொடுப்பார்களோ என்று எனக்குச் சந்தேகம். யாருக்கு வணக்கம் சொல்வது, அவருக்கு வணக்கம் வேண்டுமா என்ற கேள்வியை மட்டும் எவரும் கேட்பதில்லை.

நாயைக் கண்டு நடுங்கும் பெண் என்று என்னை நினைக்காதீர்கள். நாய்க்காரன் ஒருவனின் மகள் நான். நாயைக் கட்ட மாட்டேன் என்று அடம்பிடித்த மனிதனின் மகள்.

எங்கள் ஊர் இலங்கையில், மட்டக்களப்புக்கு வடக்கே பனிச்சங்கேணி. அப்பா வாவியில் இறாலும் நண்டும் பிடிப்பவர். சுனாமி வந்த காலை அம்மா கடற்கரைப் பக்கம் தன் தங்கையைப் பார்க்கப் போயிருந்தார். இரண்டு பேரும் திரும்பவில்லை. வாவிப் பக்கம் இருந்த நானும் அப்பாவும் மிஞ்சினோம். நான்காம் நாள் அம்மாவைத் தேடிக் கரை நெடுக நடந்துகொண்டிருந்தபோது தாழம்பற்றைக்குள் ஒரு கறுப்பு நாய் கிடந்தது. கழுத்தில் தோல்பட்டி, பட்டியில் ஒரு சாண் சங்கிலி, நுனி அறுந்திருந்தது. பாசிக்குடாப் பக்கம் யாரோ வசதியான வீட்டில் வளர்ந்திருக்கும் என்றார்கள். அந்த வீட்டிலிருந்து தேடிவர ஒருவரும் மிஞ்சியிருக்கவில்லைபோலும். அப்பா அதைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். அம்மாவைத் தேடிப் போன மனிதர் நாயோடு திரும்பியதில் எனக்கு அன்று கோபம். இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

அப்பா சங்கிலித் துண்டைக் கழற்றி வாவியில் எறிந்தார். "இந்தச் சங்கிலி அறாட்டி இது அங்கயே செத்திருக்கும். இனி இதக் கட்டிற வேல இல்ல" என்றார். பிறகு பெயர் வைக்கப் பார்த்தார். மணி என்று கூப்பிட்டார், ஜிம்மி என்றார், கறுப்பன் என்றார். நாய் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தது. நிவாரண அரிசி கொண்டுவந்த லொறிச் சாரதி ஒருவர்தான் போகிற போக்கில் அதைப் பார்த்து, "டேய் டைகர்!" என்று கூப்பிட்டார். எங்கள் நாட்டில் இரண்டு நாய்க்கு ஒன்று டைகர்தானே. நாயின் காது நிமிர்ந்தது. வாலை ஆட்டிக்கொண்டு அவருடைய காலடிக்கு ஓடியது. அதன் பெயரே அதுதான்.

அந்த நாளில் எங்கள் பக்கம் இயக்கத்தின், அதாவது புலிகளின், கட்டுப்பாட்டில் இருந்தது. ஒருநாள் அவர்களுடைய ஆள் ஒருவர் மோட்டார்சைக்கிளை நிறுத்தி, அப்பா நாயைக் கூப்பிடுவதைக் கேட்டுக்கொண்டு நின்றார்.

"ஐயா, நாய்க்கு வெக்க வேற பேர் கிடைக்கல்லையா?"

"நான் வெச்ச பேரில்ல தம்பி. அது பேரோடதான் வந்திச்சி."

"மாத்துங்க."

"நான் மாத்திருவன். அதுக்கு ஆரு சொல்ற?"

அந்த ஆளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் மாற்றச் சொல்லிவிட்டுத்தான் போனார். ஒரு கிழமை அப்பா கறுப்பன் என்று கூப்பிட்டுப் பார்த்தார். ஒரு கிழமையும் நாய் சோற்றுக்குக்கூட வரவில்லை.

இனி ஒஸ்லோவுக்கு வருவோம். ஊரில் சண்டை கடைசிக் கட்டத்துக்கு வந்திருந்த அந்த மே மாதம். என் கணவர் வேலை முடிந்ததும் நேரே ஊர்வலத்துக்குப் போவார். பொலிஸார் இரும்பு வேலி வைத்து, இதற்குள் நின்று கத்துங்கள் என்று சொன்னால், அவர் நின்ற பக்கத்துச் சனம் வேலிக்குள்ளேயே நின்று தொண்டை கிழியக் கத்திவிட்டு, கீழே விழுந்த காகிதங்களையும் பொறுக்கிக்கொண்டு வீடு வரும். நான் பகலில் பிள்ளைகளோடு பூங்காவுக்குப் போய்க்கொண்டிருந்தேன். அன்று இரவு மழையின் ஈரம் காயத் தொடங்கியிருந்தது. வரிசையின் கடைசி வளையத்தை ஹொதான் பிடித்திருந்தாள். சோமாலியப் பெற்றோருக்குப் பிறந்த மூன்று வயதுப் பிள்ளை. அவளுக்கு நாய் என்றால் பயம். அதனாலேயே என் கைக்கு எட்டும் தூரத்தில் கடைசியாக விடுவேன்.

பிரின்ஸ் குளத்தடியிலிருந்து கிளம்பியதை நான் கண்டேன். கையை விரித்துக் குறுக்கே நின்றேன். நாய் என்னைச் சுற்றி வளைந்து போய் ஹொதானின் முதுகில் இரண்டு முன்னங்காலையும் தூக்கி வைத்தது. பிள்ளை சரளைக்கல்லில் முகங்குப்புற விழுந்தாள். உதடு பிளந்து மஞ்சள் அங்கியெல்லாம் இரத்தம். வளையத்தை மட்டும் அவள் விடவில்லை. அதனால் முன்னால் நின்ற இரண்டு பிள்ளைகளும் இழுபட்டு விழுந்தார்கள். நாய் மறுபடி அவளுடைய முகத்தை நக்கக் குனிந்தது. என் தோளில் பிள்ளைகளின் தண்ணீர்ப் போத்தல்கள் பத்தும் இருந்த பை. அதைக் கழற்றி நாயின் விலாவில் ஓங்கி ஒன்று போட்டேன். "போ! போ அங்கால!" என்று நான் கத்தியது சுத்தமான மட்டக்களப்புத் தமிழ்.

இதெல்லாம் நடந்து முடியும்வரை ஆர்னே தூரத்தில் நின்று "பிரின்ஸ்! பிரின்ஸ்! இங்கே வா!" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். ஏழு தரமாவது கூப்பிட்டிருப்பார். என் நாய் சொன்ன சொல் கேட்கும், அதற்கு வார் எதற்கு என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவர். அடிபட்ட நாய் கத்தியபோதுதான் மனிதர் ஓடிவந்தார். வந்து முழங்காலில் நின்று நாயின் விலாவைத் தடவினார். பிள்ளை அழுதுகொண்டிருந்தாள். நாயைத் தடவி முடித்த பிறகு பிள்ளையைப் பார்த்து, "ஐயோ, சின்னக் கீறல்தான்" என்றார். பிறகு என்னிடம் அதே வாக்கியம்: "அது வணக்கம் சொல்லத்தான் வந்தது."

நான் அவருக்குச் சொல்ல நினைத்தது மிகச் சின்னது. உன் நாய்க்கு வார் வேண்டும். வாருக்கு அவர்கள் மொழியில் 'பொன்' என்பதுபோல ஒரு சொல். பிரார்த்தனைக்கு 'பென்' என்பதுபோல இன்னொரு சொல். ஆத்திரத்தில் என் நாக்கு இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ போய் நின்றுவிட்டது. "உனக்குப் பிரார்த்தனை வேண்டும்! பிரார்த்தனை! சட்டத்தில் இருக்கிறது!" என்று நான் கத்திக்கொண்டிருந்திருக்கிறேன். ஆர்னேயின் முகம் மாறியது. மிக மெதுவாக, காது கேளாதவருக்குச் சொல்வதுபோல, "உன் மதத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அது நாயின் குற்றமல்ல. நீ பயப்படுவதால்தான் அது உன்னிடம் வருகிறது. நாய்க்குப் பயம் மணக்கும்" என்றார். ஹொதானின் தலைத்துணியையும் என் முகத்தையும் பார்த்து எங்களுக்கு அவராகவே ஒரு மதத்தைத் தந்துவிட்டார். நான் கழுத்தில் தாலியோடு நிற்கிறேன்.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு திரும்பி நடக்கும்போது அந்த வாக்கியமே காதில் நின்றது. அது வணக்கம் சொல்லத்தான் வந்தது. எங்கள் வீட்டிலும் ஒரு நாய் வணக்கம் சொல்லத்தான் ஓடியது.

சுனாமிக்குப் பிறகு இரண்டு வருடம் ஆகுமுன்பே எங்கள் பக்கம் சண்டை வந்துவிட்டது. ஷெல் விழத் தொடங்கியதும் ஊரோடு ஊராகத் தெற்கே நடந்தோம். நாயைக் காணவில்லை, தேட நேரமும் இல்லை. வாழைச்சேனைப் பக்கம் கூடாரத்தில் சில மாதங்கள் கிடந்துவிட்டுத் திரும்பிப் போனபோது, ஊர் படையினரின் கையில் இருந்தது. பாலத்தடியில் முகாமும் மண்மூடைக் காவலரணும். எங்கள் வீட்டில் கூரை இல்லை. வாசலில் டைகர் படுத்திருந்தது. மினுமினுவென்று கொழுத்திருந்தது. "எங்களவிட இது நல்லா இரிக்கி" என்று அப்பா சிரித்தார். யார் அதற்குச் சோறு போட்டார்கள் என்று நாங்கள் இருவரும் யோசிக்கவில்லை. யோசித்திருக்க வேண்டும்.

திரும்பிப் போய் ஒரு மாதம் இருக்கும். காலைநேரம். அப்பா வாசலில் இருந்து கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார், நான் கிணற்றடியில் நின்றேன். ஒழுங்கையால் ஐந்தாறு சிப்பாய்கள் ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். டைகர் எழும்பியது. வாலைத் தூக்கிக்கொண்டு அவர்களை நோக்கிப் பாய்ந்தது. அத்தனை மாதம் சோறு போட்ட கையை அது கண்டிருக்கிறது. அப்பாவுக்கு அது தெரியாது. அவர் கண்டது ஒன்றுதான்: துவக்கோடு வருகிறவர்கள் மேல் தன் நாய் பாய்கிறது, சுடப்போகிறார்கள். வலையை எறிந்துவிட்டு எழும்பிக் கத்தினார்.

"டைகர்! டைகர்! நில்லு! டைகர்!"

சிப்பாய்கள் அத்தனை பேரும் நிலத்தில் விழுந்து துவக்கை நீட்டினார்கள். "கொட்டியா! கொட்டியா கோ?" என்று ஒருவன் கத்தினான். புலி எங்கே என்று கேட்கிறான். நான் வாளியைப் போட்டுவிட்டுக் கையைத் தூக்கினேன். அப்பாவும் கையைத் தூக்கிக்கொண்டு அவர்களுக்கு முன்னால் ஓடினார். அவருக்குத் தெரிந்த சிங்களம் மீன் விற்கப் போதுமான சிங்களம். நாய்க்கு 'பல்லா' என்பார்கள் என்பது அவருக்கு நினைவு வந்துவிட்டது. "பல்லா சேர்! பல்லா! பல்லா!" என்று விரலை நீட்டிக் கத்தினார். நாய் அந்த நேரம் ஒரு சிப்பாயின் பின்னால் நின்று அவன் கையை நக்கிக்கொண்டிருந்தது. அப்பாவின் விரல் அந்தச் சிப்பாயின் முகத்துக்கு நேரே நின்றது. நாயே என்று தன்னைச் சொல்வதாக அவன் நினைத்தான். துவக்கின் பின்பக்கத்தால் அப்பாவின் இடது காதோடு சேர்த்து அடித்தான்.

அடித்தபின் அப்பாவைப் பிடித்துக்கொண்டு போனார்கள். கிராம சேவகர் போய்ப் பேசி அடுத்தநாள் பின்நேரம் கூட்டிக்கொண்டு வந்தார். என்ன நடந்ததென்று அவர்களுக்கும் விளங்கிவிட்டதாம். முகாமின் பெரியவர் ஒரு பிஸ்கட் பக்கெற் கொடுத்து அனுப்பியிருந்தார். அப்பாவுக்கு இடது காது அன்றோடு போய்விட்டது. டைகர் சிப்பாய்களின் பின்னாலேயே போய் முகாமில் நின்றுகொண்டது. அங்கே அதற்குக் கலு என்று பெயர். கறுப்பன் என்று அர்த்தம். அந்தப் பெயருக்கு அது வரப் பழகியிருந்தது. அதில்தான் எனக்கு அதன்மேல் கோபம்.

வாவிக்குப் போவதென்றால் அந்தக் காவலரணைத் தாண்ட வேண்டும். நாங்கள் அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்து போகும்போது, மண்மூடை நிழலில் படுத்திருக்கும் நாய் எழும்பிக் குறுக்குத் தடிவரைக்கும் வரும். வாலை ஆட்டும். கூப்பிட்டால் வந்துவிடும். எதைச் சொல்லிக் கூப்பிடுவது?

"ஒரு விசிலாவது அடிங்கப்பா" என்று நான் ஒருநாள் மெல்லச் சொன்னேன்.

"விசிலடிச்சா அது ஆருக்கோ சிக்னல் எண்டுவாங்க மகள். நட."

நாயை நிமிர்ந்தும் பார்க்காமல் போவார். தாண்டிப் பத்து அடி போனபின் அவருடைய நடை தளரும். நான் கலியாணமாகி நோர்வேக்கு வரும்வரை ஏறக்குறைய ஒவ்வொரு நாளும் இதைக் கண்டேன்.

பூங்காவில் நடந்ததற்கு இரண்டு நாள் கழித்து ஆர்னேயின் கடிதம் பார்னெஹாகெக்கு வந்தது. பொறுப்பாளர் கிரேத்தே என்னைக் கூப்பிட்டு அதை வாசித்துக் காட்டினார். மிக நாகரிகமான கடிதம். ஊழியர் ஒருவர் தன் நாயைப் பையால் தாக்கினார், பொது இடத்தில் மதத்தைத் திணித்தார், பிள்ளைகளுக்கு விலங்குகள்மேல் பயத்தை ஊட்டுகிறார், அவர்மேல் தனக்குக் கோபமில்லை, உரையாடலே வேண்டும் என்று எழுதியிருந்தது. பிளந்த உதட்டைப் பற்றி ஒரு சொல் இல்லை. கிரேத்தே கெட்ட மனுஷியல்ல. "யோகா, அவர் அக்கம்பக்கத்தில் செல்வாக்குள்ளவர். நீ ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டால் இது அமைதியாக முடிந்துவிடும்" என்றார். என் பெயர் யோகம். திருத்துவதை விட்டுப் பலநாள். என் தற்காலிக வேலை ஜூனோடு முடிகிறது, கோடைக்குப் பிறகு தொடர்வதா இல்லையா என்பதை எழுதுபவர் அவர்தான் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். கூட்டம் அடுத்த கிழமைக்கு என்று வைத்தார்கள்.

அந்த இடைவெளியில்தான் சண்டை முடிந்தது. மத்தியான இடைவேளையில் பிள்ளைகளின் சப்பாத்துகள் அடுக்கியிருக்கும் அறையில் நின்று அப்பாவுக்குப் போன் எடுத்தேன். காது போனதிலிருந்து அப்பா போனில் கத்தித்தான் பேசுவார்.

"மகள், இஞ்ச வெடி கொளுத்துறாங்க!"

"என்ன வெடி? ஷெல்லா?"

"இல்ல புள்ள, சீனவெடி. கேம்புல. சந்தோஷ வெடி. காலையில இருந்து கொளுத்துறாங்க."

"நீங்க வெளிய போகாதீங்க."

"நான் உள்ளுக்குத்தான். அது வந்திரிச்சி."

"எது?"

"அதுதான் மகள். அது. கட்டிலுக்குக் கீழ கிடக்கு. மேலெல்லாம் நடுங்குது."

அதன் பெயரை அப்பா சொல்லவில்லை. அன்று உலகம் முழுதும் அந்தப் பெயரைச் செய்தியில் சொல்லிக்கொண்டிருந்தது. கட்டிலுக்குக் கீழே கிடக்கும் நாய்க்கு அதைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. நான் சப்பாத்துகளுக்கு நடுவில் இருந்து அழுதேன். உள்ளே வந்த சக ஊழியர் ஒருத்தி என் தோளில் கைவைத்து, "உங்கள் நாட்டில் சமாதானம் வந்துவிட்டதாமே, சந்தோஷமா?" என்று கேட்டாள். ஓம் என்று தலையாட்டினேன்.

கூட்டத்துக்கு ஆர்னே நாயில்லாமல் வந்தார். கையில் எங்களுக்கென்று வீட்டில் செய்த கேக். வந்ததும், உன் மக்களைப் பற்றிச் செய்தியில் பார்த்தேன், மிகவும் வருந்துகிறேன் என்றார். உண்மையாகவே வருந்தினார். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். நான் காலை பஸ்ஸில் எழுதி வைத்திருந்த தாளை எடுத்து வாசித்தேன். என் அப்பாவின் நாய் வாரில் இருக்கவில்லை, அது சிப்பாய்களுக்கு வணக்கம் சொல்ல ஓடியது, அப்பா அதன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார், அதற்காக அவருடைய காதை உடைத்தார்கள். நாயின் பெயர் என்னவென்றும் சொன்னேன். மூன்று தாள் எழுதியிருந்தேன். என் நோர்வேஜிய மொழியில் வாசிக்க ஐந்து நிமிடம் பிடித்தது.

ஆர்னே கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பயங்கரம்" என்றார். "இப்போது உன்னை எனக்கு விளங்குகிறது. ஆனால் பார், இங்கே யாரும் உன்னை அடிக்க மாட்டார்கள். இது சுதந்திரமான நாடு. அதனால்தான் பிரின்ஸையும் சுதந்திரமாக விடுகிறேன்."

அப்பாவின் காதைக்கூடத் தன் நாய்க்குச் சாதகமாக எடுத்துக்கொண்டார் மனிதர். இந்த மக்கள் ஏன் நாயைக் கட்டுவதில்லை என்ற கேள்விக்கு அந்த மேசையில்தான் எனக்குப் பதில் கிடைத்தது. தாங்கள் நல்லவர்கள் என்பதில் இவர்களுக்குச் சந்தேகமே வந்ததில்லை. ஆகவே தங்கள் நாயும் நல்லது, அதைக் கண்டு பயப்படுகிறவரிடம்தான் ஏதோ கோளாறு. இன்னொருவரின் கண்ணுக்குத் தாங்கள் எப்படித் தெரிவோம் என்று ஒரு தடவைகூட யோசிக்கத் தேவைப்படாமல் அறுபத்தைந்து வருடம் வாழ்ந்து முடிக்க இவர்களால் முடிகிறது. பலகையில் இருக்கும் சட்டம் கெட்ட நாய்களுக்கானது, கெட்ட நாய் எப்போதும் வேறு யாருடையதோ. என் அப்பா நாயைக் கட்டாததற்கு ஒரு சாண் அறுந்த சங்கிலி காரணமாக இருந்தது. இவர் கட்டாததற்குக் காரணமென்று ஒன்றுகூட இல்லை. சோம்பலையும் தற்பெருமையையும் சேர்த்து அதற்குச் சுதந்திரம் என்று பெயர் வைத்திருக்கிறார்.

இதையெல்லாம் சொல்ல என்னிடம் மொழி இல்லை. நான் தாளை மடித்தேன். அப்போது கிரேத்தே கேட்டார்: "ஆர்னே, அன்று பிரின்ஸ் வாரில் இருந்ததா?"

"அது சொன்ன சொல் கேட்கும் நாய்."

"வாரில் இருந்ததா?"

ஆர்னே கேக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். கிரேத்தே ஒரு படிவத்தை எடுத்து அவருக்கு முன்னால் வைத்தார். பிள்ளைக்குக் காயம் ஏற்பட்டதற்கான படிவம், ஹொதானின் தாய் கையெழுத்திட்டது. "இதை நான் இன்னும் பொலிஸுக்கு அனுப்பவில்லை" என்றார். அதற்குப் பிறகு பேச்சு வேகமாக முடிந்தது. ஆர்னே கடிதத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். எழும்பும்போது, பரஸ்பரம் மரியாதை வேண்டும் என்று பொதுவாக அறையைப் பார்த்துச் சொன்னார். நானும் ஒரு மன்னிப்புக் கேட்டேன். அடித்ததற்கு அல்ல, உச்சரிப்புக்கு. வார் என்று சொல்ல வந்து பிரார்த்தனை என்று சொல்லிவிட்டேன், மன்னிக்கவும் என்றேன். கிரேத்தே சிரிப்பை அடக்க முடியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஆர்னே சிரிக்கவில்லை. "அப்படியானால் மதம் இல்லையா?" என்று கேட்டார், கொஞ்சம் ஏமாற்றத்தோடு.

எனக்கு வேலை நீடித்தது, ஆறு மாதத்துக்கு. ஹொதானின் உதட்டில் நெல்மணி அளவு தழும்பு நின்றுவிட்டது. பிரின்ஸ் ஒன்பது நாள் வாரில் வந்தது. எண்ணினேன். பத்தாம் நாள் மறுபடியும் புல்வெளியில் தனியே திரிந்தது. எங்கள் மஞ்சள் அங்கிகளைக் கண்டால் மட்டும் ஆர்னே குளத்தின் மறுபக்கத்தால் போவார். நான் வென்றது அந்தக் குளத்தின் அகலம் மட்டுமே.

ஜூன் கடைசியில் ஒரு பகல் அப்பா போன் எடுத்தார். பிள்ளைகள் உள்ளே தூங்கும் நேரம், நான் பூங்காவில் சாப்பாட்டுப் பெட்டியோடு தனியே இருந்தேன். முகாமிலிருந்து ஒரு சிப்பாய் நாயைத் தேடி வந்தானாம். சின்ன வயதுக்காரன், "கலு, கலு" என்று வாசலில் நின்று கூப்பிட்டானாம்.

"அது தலய நீட்டிப் பாத்திற்று மறுகா உள்ளுக்குப் போயிற்று மகள். அவனும் சிரிச்சிற்றுப் போறான். இப்ப பகலைக்கு அங்க சோறு, பொழுதுபட்டா இஞ்ச படுக்கை. இண்டைக்கு நேரத்தோட வந்து என்ட காலடியில கிடக்கு."

"நல்லந்தானே அப்பா."

"நல்லந்தான்." பிறகு, அவருக்குத் தெரியாமலே கத்துகிற அந்தக் குரலில் கேட்டார்: "மகள், சண்டை முடிஞ்சிட்டுதானே. இனி அதின்ட பேரச் சொல்லிக் கூப்பிட்டாக் குத்தமா?"

அவருக்கு என்ன சொல்வது? கூப்பிடுங்கள் என்று சொல்ல அங்கே நான் இல்லை. கூப்பிடாதீர்கள் என்று சொல்லவும் மனமில்லை. குளத்துக்கு அப்பால் ஆர்னே நின்று, "பிரின்ஸ்! பிரின்ஸ்!" என்று பூங்கா முழுதும் கேட்கக் கத்திக்கொண்டிருந்தார். அவரை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

"போன அதின்ட காதுக்கிட்டப் பிடிங்கப்பா. நான் கூப்பிடுறன்" என்றேன்.

அப்பா குனியும் சத்தம் கேட்டது. நாயின் மூச்சு போனில் மோதியது. ஒஸ்லோவில், பட்டப்பகலில், நான் முன்னும் பின்னும் பார்த்தேன். கையால் வாயை மறைத்துக்கொண்டேன். பிறகு அந்தப் பெயரைச் சொன்னேன், என் காதுக்கே சரியாகக் கேட்காத குரலில், இரண்டு தரம்.

போன் கீழே விழுந்ததுபோல ஒரு சத்தம். சீமெந்து நிலத்தில் நகங்கள் ஓடின. அப்பா போனை எடுத்துக்கொண்டு, மூச்சு வாங்க, சிரித்துக்கொண்டு கத்தினார்.

"எழும்பி ஓடிற்று மகள்! வாசல்ல போய் நிக்குது. ஆரு கூப்பிட்ட எண்டு றோட்டப் பாத்துக்கொண்டு நிக்குது. அங்காலயும் பாக்குது, இஞ்சாலயும் பாக்குது."

"உள்ளுக்குக் கூப்பிடுங்கப்பா" என்றேன்.

"வருதில்ல. உன்னத் தேடுது."

நான் பூங்காவின் மர வாங்கில் உட்கார்ந்திருந்தேன், போனைக் காதில் வைத்தபடி.